மடையில்லாத கண்மாயும் செருப்புப் போட்ட மாடும்

பேச்சிகுளம்,
யுவ வருஷம் மாசி மாதம் 12ந் தேதி.

மேலூரில் வாசம் செய்யும் என் உடன்பிறந்த தமக்கை மாயக்காள் அவர்கள் சமூகத்துக்கு, தம்பி வெள்ளைத்துரை பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், மகள் ஜெயக்கொடியும், உழவு மாடு இரண்டும், கறவை ஒன்றும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அதன் விவரம் கீழே வரும். அங்கு தாங்களும் மச்சானும் நலமாக இருக்க வேண்டியது. இந்தக் கடிதத்தை மச்சான்தான் தங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்பதால் அவருக்கும் என் வணக்கம். மச்சான், தயவுசெய்து நடுவில் நிறுத்திச் சிரிக்க வேண்டாம். சிரிக்கிற விஷயம் இதில் ஒன்றுமே கிடையாது.

தாங்கள் உத்தரவிட்டபடி, மச்சானுடைய தம்பி மகன் காசிமாயனை நம் ஜெயக்கொடிக்குப் பார்க்கலாமா என்று அறிய, போன வியாழக்கிழமை சமயநல்லூருக்கு மேற்கே உள்ள துரை பங்களாவுக்குப் போய்வந்தேன். பத்து வயதில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு கொடைக்கானலுக்குத் தோட்ட வேலைக்குப் போன பையன், இப்போது அந்தப் பங்களாவில் தலைமைத் தோட்டக்காரனாக இருக்கிறான் என்று நீ பெருமையாகச் சொல்லி அனுப்பினாய். இருக்கட்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். ஆறு மாப்பிள்ளையைத் தட்டிக் கழித்தவன் ஏழாவதையும் கழித்துவிட்டான் என்று நீ மேலூர்ச் சந்தை முழுக்கச் சொல்வாய், தெரியும். அந்த ஆறு பேரையும் நான் நியாயமாகத்தான் கழித்தேன். உசிலம்பட்டிக்காரன் தண்ணீர் குடித்தால் மாடு குடிக்கிற சத்தம் வருகிறது. சோழவந்தான்காரன் கொடிக்கால் முழுக்க வெற்றிலை வைத்திருந்தும் வாயில் ஒன்று போட மாட்டேன் என்கிறான், அவனை எப்படி நம்புவது? மூன்றாவது ஆள் என்னைவிட உயரம். மற்ற மூன்று பேரைப் பற்றி நேரில் சொல்கிறேன். இந்த ஏழாவது ஆள் செய்த காரியத்தைக் கேட்டால் நீயே வேண்டாம் என்பாய்.

நான் செய்த ஒரே பிசகு, போவதற்கு முன்னால் ஒரு கார்டு போட்டது. பெண்ணைப் பெற்றவன் 'உங்கள் வீட்டுப் பையனைப் பார்க்க வருகிறேன்' என்று தானே எழுதினால் கௌரவமாகவா இருக்கும்? அதனால் வேறு யாரோ எழுதுவதுபோல, 'வருகிற வியாழக்கிழமை காலை வெள்ளைத்துரை அவர்கள் பங்களாவைப் பார்க்க வருகிறார்கள், தடபுடல் ஒன்றும் வேண்டாம்' என்று எழுதிப் பங்களா விலாசத்துக்குப் போட்டுவிட்டேன். அது சமையல்காரரும் காரியக்காரருமான பட்லர் ஆண்டிச்சாமி கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பங்களாவின் இப்போதைய சொந்தக்காரர் ஒரு ஜமீன்தாரம்மா, பட்டணத்திலேயே இருக்கிறாராம். வாங்குகிற மாதிரி யாராவது வந்தால் நன்றாக உபசரித்துக் காட்டு என்று உத்தரவாம். என் பெயர்தான் உனக்குத் தெரியுமே. நான் பிறந்த அன்றைக்கு எவனோ ஒரு வெள்ளைக்காரன் குதிரையில் நம் ஊர் வழியாகப் போனான் என்று அய்யா எனக்கு இந்தப் பேரை வைத்துவிட்டார். என் நிறமும் உனக்குத் தெரியும். அதைத்தான் அந்தக் கார்டில் நான் எழுதவில்லை.

காளவாசலில் செங்கல் சூளைப் பக்கம் நின்று பஸ்ஸைப் பிடித்து, சமயநல்லூரில் இறங்கி, அங்கிருந்து நடந்து பங்களா கேட்டுக்குப் போனால், அங்கே மாவிலைத் தோரணம் கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். காவல்காரன் முத்திருளன் என்று ஒருவன், உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

"யோவ், ஓரமா நில்லு. வெள்ளைத்துரை வார நேரம்" என்றான்.

"வந்தாச்சுப்பா" என்றேன்.

அவன் ரோட்டை எட்டிப் பார்த்தான். "எங்க? காரு சத்தமே கேக்கல?"

"இந்தா ஒன் முன்னால நிக்கிறேன்ல."

மேலும் கீழும் பார்த்தான் அக்கா. என் தலைப்பாகையைப் பார்த்தான், தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான், கையில் இருந்த பனையோலைப் பையைப் பார்த்தான். "காலங்காத்தால வந்து எகத்தாளமா பண்ற?" என்று தடியை எடுத்துவிட்டான். நல்லவேளை, உள்ளேயிருந்து ஒரு பையன் "மாமா! வாங்க மாமா!" என்று ஓடி வந்தான். அவன்தான் காசிமாயன். ஆள் வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறான், அதை நான் மறைக்கவில்லை. மூக்கும் ஒழுகவில்லை. அவனுக்குப் பின்னாலேயே பட்லர் ஆண்டிச்சாமி வெள்ளைக் கோட்டும் கையில் ரோஜா மாலையுமாக வந்தவர், என்னைப் பார்த்ததும் மாலையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பையன் அவர் காதில் விஷயத்தைச் சொன்னான். மனுஷன் மாலையைக் கேட்டுக் கம்பியில் மாட்டிவிட்டு, "சரி, கோழி செத்தது செத்ததுதான். நீங்களே உக்காந்து சாப்பிடுங்க" என்றார்.

வராந்தாவில் மேசை போட்டு முழுக்கோழியைப் பொரித்து வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி முட்டை, ரொட்டி, இன்னும் பெயர் தெரியாத என்னென்னமோ. நானோ விடிகாலையில் நீராகாரத்தைக் குடித்துவிட்டுக் கிளம்பியவன். ஆனால் முடிவு ஆகாமல் மாப்பிள்ளை இருக்கிற இடத்தில் நாம் கை நனைக்கலாமா? ஒரு வாய் சாப்பிட்டுக் கை கழுவினால் சம்மதம் என்று ஆகிவிடாதா? "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோழி வாசம் பங்களாவைச் சுற்றி எங்கே போனாலும் என் பின்னாலேயே வந்தது அக்கா. உனக்காகத்தான் இம்புட்டையும் பொறுத்துக்கொண்டேன்.

பங்களாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரோ ஒரு துரை நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியதாம். நம் ஊர்ச் சாவடியை நாலு அடுக்கினால் எம்புட்டு உசரமோ அம்புட்டு உசரம். முன்னால் பத்து ஏக்கருக்குப் புல். நெல் இல்லை, சோளம் இல்லை, ஒரு அவரைக்கொடிகூட இல்லை, வெறும் புல். அதில் காலை வைக்கப் போனேன், "மாமா, செருப்ப மட்டும் இங்கனயே விட்டுருங்க, புல்லு நசுங்கிரும்" என்றான் பையன். சரி, கோயில் மாதிரி போலிருக்கிறது என்று கழற்றி விட்டேன். நாலு எட்டு வைத்திருப்பேன், எதிரே ஒரு ஜோடி மாடு புல் வெட்டுகிற மிசினை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த மாட்டுக்கு நாலு காலிலும் செருப்பு! சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், தோலில் தைத்து, வார் வைத்துக் கட்டிய செருப்பு. குளம்பு பட்டால் புல் கெட்டுவிடுமாம். பெண்ணைப் பெற்றவன் வெறுங்காலோடு நிற்கிறேன், காளை மாடு செருப்புப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறது. வெட்டின புல்லையாவது அந்த மாடு தின்கிறதா என்றால் அதுவும் இல்லை, அதைக் குழியில் கொட்டி எருவாக்கி மறுபடியும் புல்லுக்கே போடுகிறார்கள்.

அதற்கப்பால் கண்மாய். அங்கே அதை லேக்கு என்கிறார்கள். என்ன தண்ணீர் அக்கா! இந்த மாசியில் நம் கண்மாய் வெடித்துக் கிடக்கிறது, அங்கே கரை முட்டத் தண்ணீர். வாத்து நீந்துகிறது, தாமரை பூத்திருக்கிறது. எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. கரையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தேன். பாதிச் சுற்றில் சந்தேகம் வந்தது, முழுச் சுற்றில் உறுதியாகிவிட்டது.

"ஏப்பா, மடை எங்கன இருக்கு?"

"மடை இல்ல மாமா."

"மடை இல்லையா? அப்ப வயலுக்கு எப்படிப் பாயும்?"

"வயலு இல்ல மாமா."

"பெறகு எதுக்குய்யா இம்புட்டுத் தண்ணி?"

"பாக்குறதுக்கு" என்றான்.

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது ஏக்கர் ஒரு போகத்துக்குத் தாராளமாகப் பாயும். அத்தனையும் பார்க்கிறதற்காம். நம் ஊரில் மடை திறக்கிறதற்கு முறை வைத்து, அதில் சண்டை வந்து, மண்வெட்டியைத் தூக்கி, போலீஸ் கச்சேரி வரைக்கும் போகிறோம். அங்கே அந்தத் தண்ணீரை ஏற்றம் போட்டு இறைத்து ஊற்றுவது எதற்கென்றால், மாடு தின்னாத அந்தப் புல்லுக்கு! "நீயெல்லாம் சம்சாரி வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டேவிட்டேன். பையன் கோபப்படவில்லை. "மொத நாள் நானும் இதேதான் கேட்டேன் மாமா" என்றான்.

கரைக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஒரு மண்டபம். நாலு தூண், இரண்டு முழுசு, இரண்டு பாதி. கூரை இல்லை. கல்லெல்லாம் சிதறிக் கிடக்கிறது. "எந்தக் காலத்துப் படையெடுப்புல இடிஞ்சதுப்பா?" என்று கேட்டேன். "இடியல மாமா, கட்டும்போதே இடிஞ்ச மாதிரிதான் கட்டுனாக" என்கிறான். நான் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி கேட்டேன். நிஜம்தானாம். சீமையில் பெரிய வீட்டுத் தோட்டங்களில் இடிந்த கோயில் ஒன்று தூரத்தில் தெரிந்தால்தான் அழகாம். மழையில் ஒரு கல் நகர்ந்தால், பையன் ஆள் வைத்து, கட்டும்போது வரைந்த படத்தைப் பார்த்து, அந்தக் கல்லைப் பழையபடி விழுந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட வேண்டும். "போன ஐப்பசி மழையில ஒரு தூண் இன்னும் கொஞ்சம் இடிஞ்சு போச்சு மாமா, இடிஞ்சத ரிப்பேர் பண்ணி பாதி இடிஞ்சதா ஆக்கி வச்சேன்" என்று மெனக்கெட்டு விளக்குகிறான். நம் ஊர்க் கருப்பசாமி கோயில் சுவர் மூன்று வருஷமாகச் சாய்ந்து நிற்கிறது, அதை நிமிர்த்த ஆள் இல்லை.

இதெல்லாம் எந்தப் பைத்தியக்காரன் செய்த வேலை என்று கேட்டேன். அப்போதுதான் பையன் கரையில் என்னை உட்கார வைத்து அந்தக் கதையைச் சொன்னான். அந்தத் துரை கலியாணம் முடித்துச் சீமையிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டி வந்தானாம். அவளுக்கு இந்த வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை, ஊரும் பிடிக்கவில்லை. பொழுது சாயும்போதெல்லாம் அழுதுகொண்டே இருப்பாளாம். உன் ஊரில் என்னதான் இருந்தது, சொல்லு என்று துரை கேட்டிருக்கிறான். வீட்டுக்கு முன்னால் புல் இருந்தது, ஏரி இருந்தது, மேட்டில் ஒரு இடிந்த கோயில் இருந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக இங்கேயே செய்து வைத்தானாம். "பெறகு அழுகைய நிறுத்திட்டாளா?" என்று கேட்டேன். பையன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இல்ல மாமா. எல்லாத்தையும் கொண்டாந்துட்டாக, அவுக அய்யாவக் கொண்டார முடியலைல்ல" என்றான்.

அக்கா, பெண் பார்க்கிற வயசுப் பையன், பெண்ணைப் பெற்றவனிடம் சொல்கிற கதையா இது? அந்தத் துரைசானியை நான் கண்டதுமில்லை கேட்டதுமில்லை, ஆனாலும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று சட்டென்று எழுந்து புல்வெளிப் பக்கம் திரும்பினேன். அங்கே பார்த்தால், கொஞ்ச தூரத்தில் அதே புல்லில் ஏழெட்டுப் பசுக்கள் மேய்ந்துகொண்டே நேராகப் பூப்பாத்தியைப் பார்த்து வருகின்றன. நடுவில் வேலி இல்லை, சுவர் இல்லை, பையனோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்குக் கை சும்மா இருக்குமா? துண்டை உருவிச் சுழற்றிக்கொண்டு, "ஹேய்! ஹேய்!" என்று விரட்ட ஓடினேன்.

மானம் போன இடம் இனிமேல்தான். நான் ஓடுகிறேன், பின்னாலிருந்து இந்தக் காசிமாயன், "மாமா! ஹாஹா! ஹாஹா!" என்று சத்தம் போடுகிறான். வயசான காலத்தில் ஓடுகிற மாமனைப் பார்த்துச் சிரிக்கிறானே என்று எனக்கு வேகம் இன்னும் கூடிவிட்டது. வராந்தாவில் நின்ற பட்லரும் இரண்டு கையையும் தூக்கி "ஹாஹா! ஹாஹா!" என்கிறார். கேட்டில் நின்ற முத்திருளனும் "ஹாஹா!" என்கிறான். மூன்று பக்கமும் சிரிப்பு. இவர்களுக்கு நாம் யாரென்று காட்டிவிடுவோம் என்று இன்னொரு எட்டு வைத்தேன், காலுக்குக் கீழே தரை இல்லை. ஒரு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் அக்கா! பங்களாப் பக்கம் செங்குத்தாகக் கல்சுவர், மாட்டுப் பக்கம் சரிவு. பக்கத்தில் போகிற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது, ஒரே புல்லாகத்தான் தெரியும். அடியில் முழங்கால் அளவுக்குச் சேறும் தண்ணீரும். தலைப்பாகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடது முழங்கால் பிசகியது அங்கேதான்.

பையனும் பின்னாலேயே குதித்தான். சலவைச் சட்டையோடுதான் குதித்தான், அதையும் மறைக்கவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தி, என் கை இரண்டையும் பிடித்துப் பார்த்து, "அடடா, கை நனஞ்சு போச்சே மாமா!" என்றான். கேட்டாயா? கோழியைக் காட்டி முடியாத காரியத்தைக் குழியில் தள்ளி முடித்துவிட்டான்! கை நனைந்தது, அதனால் சம்மதம் என்று ஆகிவிடுமா? நான் அவன் கையை உதறிவிட்டு, மாட்டுப் பக்கச் சரிவில் ஏறி, ஒரு வார்த்தை பேசாமல், செருப்பைக்கூட எடுக்காமல், நேராக பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன். அந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவை அந்தப் பசுக்கள் மட்டும்தான்.

ஆகவே, மாமனார் விழப்போவதைப் பார்த்து ஊரைக் கூட்டிச் சிரிக்கிற வீட்டில் என் மகள் வாழ முடியாது. மடையில்லாத கண்மாய்க்குக் காவல் இருக்கிறவன், இடிந்ததை இடிந்தபடி காப்பாற்றுகிறவன், நம் குடும்பத்துக்கு ஆக மாட்டான். மச்சான் தம் தம்பியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியது. ஜெயக்கொடியிடம் விவரம் சொன்னேன். அவள் என் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து போட்டுவிட்டாள்.

தங்களுக்கும் மச்சானுக்கும் அழகர் துணை நின்று, பெரியாத்துத் தண்ணீர் வாய்க்காலில் குறையாமல் வந்து, களமும் குதிரும் நிறைந்திருக்கத் தம்பி வேண்டிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பேயாண்டியண்ணனையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள தம்பி,
வெள்ளைத்துரை.

பின்குறிப்பு: நேற்று எழுதி முடித்த இதை, விலாசம் எழுதுவதற்காக இன்று காலை ஜெயக்கொடியிடம் கொடுத்தேன். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். விலாசத்தை எழுதாமல் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டாள். படித்து முடித்து, "எட்டாவது ஆளு என்ன தப்புப் பண்ணணும்னு இப்பவே சொல்லிருங்கய்யா, ஆள் வந்ததும் பண்ணச் சொல்லிருவோம்" என்றாள். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "நான் போயிட்டா சோறு தின்ன மாட்டீகளா?" என்று கேட்டாள். "திம்பேன்" என்றேன். "பெறகு என்னய்யா? சமயநல்லூருக்கும் நமக்கும் நடுவுல கடலா கெடக்கு?" என்று கேட்டுவிட்டு, அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அக்கா, உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நேராக பஸ்ஸுக்கு நடந்தேன் என்று எழுதியது பொய். பங்களாவுக்கு வெளியே அப்துல் லத்தீப் பாய் கடையில் கை கால் கழுவத் தண்ணீர் வாங்கினேன். என் கோலத்தைப் பார்த்ததுமே பாய், "நீங்களும் ஹாஹாவுல விழுந்துட்டீகளாண்ணே? போன மாசம் ஒரு வக்கீலு விழுந்தாரு" என்றார். மாடு உள்ளே வராமல் இருக்க வேலி மாதிரி வெட்டின அந்தக் குழிக்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கிற பெயரே ஹாஹாவாம். பையன் சிரிக்கவில்லை. குழி குழி என்றுதான் அலறியிருக்கிறான். பயத்தில் அவனுக்குத் தமிழ் வரவில்லை. இந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுதும்போதே எனக்கு அது தெரியும். அந்த உசிலம்பட்டிக்காரனும் நான் சொன்ன மாதிரி அப்படி ஒன்றும் சத்தமாகத் தண்ணீர் குடிக்கவில்லை. ஜெயக்கொடியின் ஆத்தா போன பிறகு இந்த வீட்டில் என்னை அய்யா என்று கூப்பிட வேறு ஆள் இல்லை அக்கா, அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கிழித்துப் போட்டு வேறு எழுதித் தருகிறேன் என்றேன். "கிழிக்காதீக, அத்தையும் மாமாவும் படிக்கட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள். ஆகவே மச்சான் சிரிக்கலாம். பையன் நல்ல பையன். பரிசத்துக்கு நாள் பாருங்கள். அவசரம் ஒன்றுமில்லை, மெதுவாகவே பாருங்கள். ஆனால் பாருங்கள்.